மந்திரத்துக்கு என்ன விலை, தெரியுமா?

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். ஆளுக்கொரு பென்சில், ஒரு தாள், கை நிறையப் பகடை. ஒருவர் கேம் மாஸ்டர். அவர் கதை சொல்லச் சொல்ல, மற்ற நால்வரும் மந்திரவாதியாகவும் வீரனாகவும் திருடனாகவும் கதைக்குள் புகுந்து விளையாடுவார்கள். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். இதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்!

இந்த விளையாட்டில் ஒரு தீராத தலைவலி இருப்பது தெரியுமா? விதிப்புத்தகம் மந்திரவாதிக்குச் சக்தியை அள்ளி அள்ளித் தருகிறது. அந்தச் சக்தியெல்லாம் நிஜமாகவே இருந்தால், கதையில் வரும் உலகம் ஒரு வாரம் தாங்குமா? செத்தவரை எழுப்ப மந்திரம் இருக்கும்போது ராஜா ஏன் சாகிறார்? சாப்பாடு வரவழைக்க மந்திரம் இருக்கும்போது ஊரில் ஏன் பஞ்சம்? விதிக்கும் கதைக்கும் இடையே நடக்கும் இந்த மல்லுக்கட்டுக்கு 50 வயது தாண்டிவிட்டது. அதில் விளைந்த அதிசயங்களைக் கேளுங்கள்!

பீரங்கிக்குத் தாடி முளைத்தது!

நெருப்புப் பந்து வீசும் மந்திரவாதியின் பூர்வீகம் என்ன தெரியுமா? பீரங்கி! 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவது. அதன் கடைசிப் பகுதியில்தான் மந்திரவாதி எட்டிப் பார்த்தார். அவருடைய நெருப்புப் பந்து எவ்வளவு இடத்தைத் தாக்கும்? கோட்டையை இடிக்கும் பெரிய கவண்பொறி தாக்கும் அதே அளவு! மின்னல்? கனமான பீரங்கி தாக்கும் அதே அளவு!

வெறும் 1,000 பெட்டிதான்!

1974. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூர். கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. பெட்டிக்குள் 3 சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது எத்தனை? 1,000 பெட்டி! ரோல்பிளேயிங் கேம் என்ற ஒரு வகையே அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் கிளம்பியது!

சொன்னவுடன் மறந்துவிடும்!

மந்திரவாதி ஒரு மந்திரத்தைக் காலையில் மனப்பாடம் செய்கிறார். ஒருமுறை உச்சரிக்கிறார். அவ்வளவுதான், மனத்திலிருந்து துடைத்தாற்போல் மறந்துவிடும்! மறுபடி படித்தால்தான் உண்டு. இந்த விசித்திர விதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து! நன்றிக்கடனை எப்படித் தீர்த்தார்கள்? வான்ஸ் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டு 'வெக்னா' என்ற பயங்கர வில்லனுக்குச் சூட்டிவிட்டார்கள்!

மந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளைகள்!

'டென்சரின் மிதக்கும் தட்டு' என்றொரு மந்திரம். யார் அந்த டென்சர்? கைகாக்ஸின் மகன் எர்னஸ்ட் ஆடிய கதாபாத்திரம்! எர்னஸ்ட் என்பதன் எழுத்துகளைக் கலைத்தால் டென்சர். 'மெல்ஃபின் அமில அம்பு' தெரியுமா? இன்னொரு மகன் தன் தாளில், ஆண் எல்ஃப் (கதையில் வரும் ஒரு மாய இனம்) என்பதற்கு 'எம்' என்று போட்டு 'எல்ஃப்' என்று எழுதினான். சேர்த்துப் படித்தால் மெல்ஃப்! ஜிம் வார்ட் என்ற நண்பரின் பெயரைத் திருப்பிப் படித்தால் 'டிராமிஜ்' என்ற மகா மந்திரவாதி! வீட்டு மேஜையில் ஆடிய ஆட்டம், ஓர் உலகத்தின் புராணமாகவே ஆகிவிட்டது!

காட்டேரி தொல்லை தாங்காமல் பிறந்த பூசாரி!

'கிளெரிக்' என்ற பூசாரி வகுப்பு ஏன் வந்தது தெரியுமா? ஆர்னிசன் நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஒருவர் 'சர் ஃபாங்' என்ற ரத்தக் காட்டேரியாக ஆடினார். ஆட ஆட பலம் ஏறிக்கொண்டே போனது. யாராலும் அடக்க முடியவில்லை! என்ன செய்வது? காட்டேரியை விரட்டுவதற்கென்றே தெய்வ பலம் உள்ள ஒரு வேட்டைக்காரரைக் களத்தில் இறக்கினார்கள். சமநிலைக்காகச் செய்த ஒரு ஒட்டு வேலை, இன்று ஆட்டத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று!

கேண்டால்ஃபுக்கு லெவல் 5தானா?

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையின் மகா மந்திரவாதி கேண்டால்ஃபுக்கே ஒருவர் மார்க் போட்டார், தெரியுமா? 1977-ல் 'டிராகன்' பத்திரிகையின் 5-வது இதழில் வந்தது அந்தக் கட்டுரை. கதையில் கேண்டால்ஃப் செய்த மந்திரங்களை ஒவ்வொன்றாக விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டார். தீர்ப்பு? 5-வது லெவல் மந்திரவாதி போதும்! உலகத்தையே காத்த கிழவருக்கு இப்படியா? ஆட்டத்தின் விதி பலத்தை லெவல் என்ற எண்ணால் அளக்கும். கேண்டால்ஃபின் பெருமையோ பலத்தை வெளிக்காட்டாமல் அடக்கி வைத்ததில் இருந்தது!

1,000 வருஷம் வாழ்ந்தும் லெவல் 8தான்!

பழைய விதிகளில் எல்ஃப் இனத்தார் ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்வார்கள். அப்படியானால் உலகத்தை ஏன் மனிதர்கள் ஆளுகிறார்கள்? 1974 விதி இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. எல்ஃப் மந்திரவாதி 8-வது லெவலைத் தாண்ட முடியாது. குள்ளர் இன வீரனுக்கு 6. இன்னும் குட்டையான ஹாஃப்லிங் வீரனுக்கு வெறும் 4! மனிதனுக்கு? அப்படி எந்த உச்சவரம்பும் கிடையாது! இந்தப் பூட்டு 2000-ல் வந்த 3-வது பதிப்பில்தான் உடைந்தது.

ஆத்மா இல்லாத அழகர்கள்!

அந்தக் காலத்து விதியில் எல்ஃப் செத்துவிட்டால் சாதாரண உயிர்ப்பு மந்திரம் வேலை செய்யாது, தெரியுமா? ஏன்? மனிதனுக்கு இருப்பது ஆத்மா, எல்ஃபுக்கு இருப்பது வேறொரு வகை உயிராற்றல். அது மறுபிறவிதான் எடுக்கும் என்று விளக்கம் சொன்னார்கள்! ஒரு மந்திரத்துக்குப் போட்ட வரம்பிலிருந்து ஓர் இனத்தின் மறுமைத் தத்துவமே முளைத்துவிட்டது!

கேட்ட வரம், போன வயசு!

நினைத்ததை நடத்தும் 'விஷ்' மந்திரம்! எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அந்த நாளைய 'அட்வான்ஸ்டு' பதிப்பில் ஒருமுறை கேட்டால் மந்திரவாதிக்கு 3 வயசு கூடிவிடும்! ஆட்களை வேகமாக ஓட வைக்கும் 'ஹேஸ்ட்' மந்திரம் பட்டவருக்கு 1 வயசு கூடும்! கிழட்டு மந்திரவாதி கணக்குப் பார்த்துத்தானே வாய் திறப்பார்? 2014-ல் வந்த 5-வது பதிப்பு இன்னொரு கொக்கி போட்டது. பழக்கமான உபயோகத்தை மீறிப் பெரிதாக எதையாவது கேட்டால், அந்த மந்திரமே ஆயுசுக்கும் கைவிட்டுப்போக 33 சதவீத வாய்ப்பு!

எமனுக்கு வைரத்தில் கட்டணம்!

சாவுக்கு விலைப்பட்டியல் உண்டு, தெரியுமா? 5-வது பதிப்பில் செத்து 1 நிமிஷத்துக்குள் எழுப்ப 300 பொற்காசு பெறும் வைரம். 10 நாளுக்குள் என்றால் 500. 100 வருஷம் வரை என்றால் 1,000. உடம்பே இல்லாவிட்டாலும் 200 வருஷம் வரை எழுப்ப வழி இருக்கிறது. அதற்கு 25,000 பொற்காசு! கொடுத்த வைரம் கரைந்து போய்விடும். அப்படியானால் அந்த உலகத்தில் வைரச் சுரங்கத்துக்காக எத்தனை யுத்தம் நடக்கும், யோசித்துப் பாருங்கள்! ஆனால் ஒன்று: முதுமையால் செத்தவரை எந்த விலைக்கும் எழுப்ப முடியாது. ராஜா செத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது!

பிணத்தின் தாடை எங்கே?

பிணத்தோடு பேசும் மந்திரமும் உண்டு. 5 கேள்வி கேட்கலாம். அப்படியென்றால் துப்பறியும் கதையே எழுத முடியாதே? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்! பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும் என்பது விதி. கெட்டிக்காரக் கொலைகாரன் என்ன செய்வான்? தாடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவான்! அதைவிட வேடிக்கை, உண்மைதான் பேச வேண்டும் என்ற கட்டாயம் பிணத்துக்குக் கிடையாது!

10 பழம் இருந்தால் பஞ்சம் ஏது?

'குட்பெர்ரி' என்பது மந்திரங்களின் வரிசையில் முதல் படியில் உள்ள எளிய மந்திரம். உள்ளங்கையில் 10 பழம் முளைக்கும். ஒரு பழம் தின்றால் ஒரு நாள் பசி தீரும்! ஒரே மந்திரத்தில் 10 பேருக்குச் சாப்பாடு. ஊருக்கு நாலு பேர் கற்றுக்கொண்டாலே பஞ்சம் பறந்துவிடுமே? பாலைவனத்தில் தவிக்கும் கதை நடத்த ஆசைப்பட்ட எத்தனையோ கேம் மாஸ்டர்களின் கனவில் மண்ணைப் போட்டது இந்தப் பத்துப் பழம்தான்!

வீசியவன் முகத்திலேயே நெருப்பு!

பழைய விதியில் நெருப்புப் பந்து வெடித்தால் 33,000 கன அடி இடத்தை நிரப்பும். திறந்த வெளியில் சரி. 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சுரங்கப்பாதையில் வெடித்தால்? 330 அடி நீளத்துக்குத் தீ! அதாவது 100 மீட்டர்! எதிரியோடு சேர்ந்து வீசியவரும் வெந்து போவார்! 5-வது பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதோடு, அது இருக்கும் படியில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு 6 பகடை என்று வழிகாட்டி சொல்ல, நெருப்புப் பந்துக்கு மட்டும் 8 பகடை தந்திருக்கிறார்கள். செல்லப்பிள்ளை!

கடவுளைக் கொன்ற ஒரே மந்திரம்!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரங்கள் 9-வது படியோடு ஏன் நிற்கின்றன? 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்தின் புராணம் பதில் சொல்கிறது. நெத்தெரில் பேரரசில் கார்சஸ் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் ஏவியது 12-வது படி மந்திரம்! எதற்கு? மந்திர தேவதையின் சக்தியையே பிடுங்கிக்கொள்ள! சக்தி வந்தது, தாங்க முடியவில்லை. தேவதை மாண்டாள். ஒரு கணம் மந்திரம் நின்றது. வானத்தில் மிதந்த நகரங்கள் பொலபொலவென்று விழுந்தன! மறுபடி பிறந்த தேவதை உயர்ந்த படிகளுக்கெல்லாம் தடை போட்டுவிட்டாள். புத்தகத்தில் இருக்கும் ஒரு சாதாரண வரம்புக்கு எத்தனை பெரிய பிரளயம்!

பதிப்பு மாறினால் பிரளயம்!

புதிய விதிப்புத்தகம் வந்தால் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்துக்கே கண்டம், தெரியுமா? 1989-ல் 2-வது பதிப்பு வந்தது. கூலிக்கொலையாளி வகுப்பு நீக்கப்பட்டது. கதையில் என்ன நடந்தது? தேவர்கள் பூமியில் விழுந்தார்கள், கொலையாளிகள் கூண்டோடு செத்தார்கள்! 2008-ல் 4-வது பதிப்பு மந்திர விதிகளைத் தலைகீழாக மாற்றியது. கதையில்? மந்திர தேவதை மறுபடி கொல்லப்பட்டாள், நீலத்தீ உலகத்தைச் சூறையாடியது, காலம் ஏறக்குறைய 100 வருஷம் தாவியது! பாவம், அந்தத் தேவதை!

மந்திரம் போட்டால் புல் கருகும்!

இதே ஆட்டத்துக்காக 1991-ல் வந்த 'டார்க் சன்' உலகம் பாலைவனம். ஏன்? மந்திரவாதிகள் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சித்தான் மந்திரம் போடுகிறார்கள்! போட்ட இடத்தில் சாம்பல் வட்டம். தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் போட்டு உலகமே சாம்பல்! இரும்பு அபூர்வம்; எலும்பிலும் கல்லிலும் கத்தி. காசு கூடச் சுட்ட மண்! மற்ற உலகங்களில் சாதுவான ஹாஃப்லிங்குகள் இங்கே நரமாமிசம் தின்பவர்கள்! இவ்வளவு கொடுமையான உலகத்தில் முதல் லெவல் ஆள் பிழைப்பானா? அதனால் ஆட்டமே 3-வது லெவலில்தான் தொடங்கும்!

அமாவாசை வந்தால் அம்பேல்!

1984-ல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வானத்தில் 3 நிலா! வெள்ளை, சிவப்பு, கருப்பு அங்கி போட்ட மந்திரவாதிகளுக்கு ஆளுக்கொரு நிலா. தன் நிலா வளர்ந்தால் பலம் வளரும், தேய்ந்தால் தேயும்! தெய்வங்கள் கோபித்துக்கொண்டு 300 வருஷத்துக்கு மேல் போய்விட்டதால் காயம் ஆற்றும் மந்திரமே கிடையாது. தங்கத்துக்கும் மதிப்பில்லை, செலாவணி எஃகுக் காசு! யுத்தம் ஓயாத நாட்டில் வாள் அடிக்கும் உலோகம்தானே செல்வம்?

பலசாலி ஒரு மரம்!

2002-ல் இந்த ஆட்டத்துக்குப் புது உலகம் கேட்டுப் போட்டி வைத்தபோது ஏறக்குறைய 11,000 பேர் எழுதி அனுப்பினார்கள். ஜெயித்தவர் கீத் பேக்கர். உலகத்தின் பெயர் 'எபெரான்'. அவர் விதியோடு சண்டையே போடவில்லை! மந்திரம் இவ்வளவு எளிதென்றால் அதில் ரயில் ஓடாதா, தெருவிளக்கு எரியாதா, கப்பல் பறக்காதா என்று கேட்டு எல்லாவற்றையும் ஓட விட்டார்! சரி, வீரர்களை மிஞ்சும் பெரிய தலைகள் வந்து உலகத்தைக் காப்பாற்றிவிட்டால்? அதற்கும் வழி வைத்தார். மகா பலம் கொண்ட ஒரு தலைமைக் குரு 11 வயசுச் சிறுமி. தன் கோயில் நகரத்துக்குள் 18-வது லெவல், வெளியே காலடி வைத்தால் 3! 20-வது லெவல் ஞானி ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் ஒரு மரம்! நகர மாட்டார்!

கடவுளுக்கும் பலிக்காத இடம்!

'பிளேன்ஸ்கேப்' உலகத்தின் நடுவில் முடிவில்லா உயரத்துக்கு ஒரு தூண். அதை நெருங்க நெருங்க மந்திரம் படிப்படியாகச் சாகும். முதலில் 9-வது படி போகும், பிறகு 8, 7... தூணின் அடியில் தேவர்களுக்கே சக்தி கிடையாது! சண்டைக்கார தேவர்கள் சமாதானம் பேச இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

படித்தால் பைத்தியம்!

1981-ல் வந்த 'கால் ஆஃப் கதுலு' ஆட்டத்தில் மந்திரத்தின் விலை புத்தி சுவாதீனம்! விதி ஒரே ஒரு கழித்தல் கணக்கு. 99-லிருந்து உங்கள் ரகசிய ஞானத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் தெளிவின் உச்சவரம்பு. அறிய அறிய அழிவு! கதுலு என்ற பூதத்தை நேரில் பார்த்தால் ஒரே பார்வையில் 100 புள்ளி வரை போகலாம். இங்கே விதி வேறு, கதை வேறு என்று பிரிக்கவே முடியாது!

சமநிலையே வேண்டாம்!

1987-ல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' என்ன செய்தது தெரியுமா? மந்திரவாதி மற்றவர்களைவிடப் பலசாலிதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது! 5 வினை, 10 பொருள், சேர்த்தால் 50 வகை மந்திரம். அப்படியானால் மற்றவர்கள் பாவம் இல்லையா? இல்லை! இன்று நீ மந்திரவாதி, நாளை நீ காவல்காரன் என்று முறை வைத்து ஆடுவார்கள்! 1993-ல் வந்த 'மேஜ்' ஆட்டத்தில் இன்னொரு தந்திரம். சாதாரண ஜனங்கள் பார்க்கும்போது அப்பட்டமாக மந்திரம் போட்டால், யதார்த்தமே திருப்பி அடிக்கும்!

மந்திரமா, இயந்திரமா?

'ஷேடோரன்' ஆட்டத்தின் கதைப்படி 2011 டிசம்பர் 24 அன்று ஜப்பானில் புல்லட் ரயில் பயணிகள் ஜன்னல் வழியே ஒரு மகா டிராகனைப் பார்த்தார்கள். மந்திரம் திரும்பிவிட்டது! ஆனால் அது இயந்திரக் கைகால் பொருத்திக்கொள்ளும் காலமும்கூட. இரண்டும் வேண்டும் என்றால்? நடக்காது! ஒவ்வொருவருக்கும் உயிர்ச்சாரம் 6 புள்ளி. இயந்திரம் ஏற ஏற அது குறையும். கூடவே மந்திரமும் குறையும்!

உங்கள் பாத்திரம் இனி உங்களுடையதல்ல!

1987-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ஆட்டத்தில் சக்தியைத் தீமைக்குப் பயன்படுத்தினால் இருட்டுப் புள்ளி ஏறும். ஏறிக்கொண்டே போய் ஒருநாள் பகடை காலை வாரினால், கதாபாத்திரத்தை கேம் மாஸ்டர் வாங்கிக்கொள்வார்! நீங்கள் வளர்த்த நாயகன், உங்களுக்கே வில்லன்! இன்னொன்று தெரியுமா? பிறகு 'ஸ்டார் வார்ஸ்' நாவல் எழுதிய டிமத்தி ஜானுக்கு உலக விவரம் தெரிந்துகொள்ள இந்த ஆட்டப் புத்தகங்களைத்தான் அனுப்பி வைத்தார்கள்!

நம்ம ஊர் ராட்சசன் டிவி வழியே போனான்!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ராட்சசன் உண்டு. 1977 புத்தகத்தில் புலித்தலையோடு, வாயில் புகைக்குழாய் வைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்! அவரைக் கொல்ல ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு வேண்டும். ராமாயணத்தில் அப்படி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! அது 1974-ல் ஒளிபரப்பான 'கோல்சாக்' என்ற அமெரிக்க டிவி தொடரின் ஒரு காட்சியிலிருந்து வந்தது! 1980-ல் வந்த கடவுளர் புத்தகத்தில் இந்திரன், அக்னி, எமன் எல்லோருக்கும் எத்தனை அடி தாங்குவார்கள் என்று புள்ளி கூடப் போட்டிருக்கிறார்கள்!

வரம் கொடுத்தவன் தலையிலேயே கை!

2004-ல் வந்த 'செர்ப்பென்ட் கிங்டம்ஸ்' புத்தகத்தில் ஆதிகாலப் பாம்பு இனம் ஒன்று. மற்ற ஊர்வன இனங்களின் உடம்பை மாற்றி அமைக்கும் சக்தி அதற்கு உண்டு. பழங்கதைக்கு அழகாக இருக்கட்டும் என்று வைத்த வரி. ஆட்டக்காரர்கள் விட்டார்களா? கோபால்டு என்ற ஊர்வன இனத்தைச் சேர்ந்த 'பன்-பன்' என்ற சுண்டைக்காய்க் குட்டிக்கு அந்தச் சக்தியை வாங்கிக் கொடுத்து, எல்லையே இல்லாத பலத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்! விலை போடாமல் வைத்த ஒரே ஒரு வரம் அது!

இன்னொரு கூட்டம் இரும்புச் சுவர் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டது. சுவரை வரவழை, உடை, எடைக்குப் போடு! 2009-ல் வந்த 'பாத்ஃபைண்டர்' விதி உஷாரானது. இந்த இரும்பில் பொருள் செய்ய முடியாது, விற்கவும் முடியாது என்று மந்திரத்திலேயே எழுதி வைத்துவிட்டது!

2,280 குடியானவர்கள், ஒரு கம்பு!

கடைசியாக, எல்லாவற்றுக்கும் சிகரம்! சண்டையில் ஒரு சுற்று என்பது 6 விநாடி. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் வாங்கிக் கொடுப்பதும் அந்தச் சுற்றுக்குள் அடங்கும். 5 அடிக்கு ஒருவராக 2,280 குடியானவர்களை நிறுத்தி ஒரு கம்பைக் கைமாற்றினால்? 6 விநாடியில் சுமார் மூன்றரை கிலோமீட்டர்! ஒலியை மிஞ்சும் வேகம்! மந்திரமே வேண்டாம், வரிசை போதும்! இந்தக் குறும்பு எவ்வளவு பிரபலம் தெரியுமா? 2024-ல் வந்த கேம் மாஸ்டர் கையேடு இப்படிக் கைமாற்றி ஈட்டியை ஒளி வேகத்தில் அனுப்ப முடியாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. விதிகள் விளையாடத்தான், உலகத்தின் இயற்பியலைச் சொல்ல அல்ல என்பது அதன் தீர்ப்பு!

வயசு, வைரம், புல், நிலா, புத்தி என்று எத்தனை விலை பார்த்துவிட்டோம்! இனி உங்கள் வீட்டுப் பிள்ளை "என் ஹீரோவுக்கு எல்லா சக்தியும் உண்டு" என்று கதை விட ஆரம்பித்தால் தடுக்காதீர்கள். "சரி, அதுக்கு அவன் என்ன கொடுக்கணும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கதை அங்கேதான் தொடங்கும்!